நிப்போரியிலிருந்து நெசு வரை: டோக்கியோவின் பழைய தெருக்களில் ஒரு மாலை நடைக்குப் போவது எப்படி

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் முதல் மூன்று மாலைகளை ஷிபுயா நாற்சந்தியிலும் ஷின்ஜுக்கு விளக்குகளுக்குக் கீழேயும் அசாகுசா கோயில் வாசலிலும் கழிப்பார்கள். கழிக்கட்டும், எல்லாம் பார்க்க வேண்டியவைதான். நான் எழுதுவது நான்காவது மாலைக்காக.

நிப்போரி ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் தொடங்கி நெசு மெட்ரோ நிலையத்தில் முடியும் ஒரு நடை இருக்கிறது. நேராக நடந்தால் சுமார் 2 கிலோமீட்டர்தான். விஷயம் தெரிந்த வழிகாட்டியோடு போனால் இரண்டரை மணி நேரம் ஆகும். யானகா, நெசு, செந்தாகி என்ற மூன்று பேட்டைகள் வழியாகப் போகிறது. மூன்றின் முதல் எழுத்துகளையும் சேர்த்து 'யானெசென்' என்கிறார்கள். 1984இல் இந்தப் பகுதியில் வாழ்ந்த பெண்கள் சிலர் தொடங்கி 2009 வரை நடத்திய ஒரு சிறு பத்திரிகைதான் அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது.

1657இல் நகரத்தை அழித்த பெருந்தீக்குப் பிறகு நிறைய பௌத்தக் கோயில்கள் இந்த மேட்டுப் பக்கம் இடம் மாறின. இன்றும் யானகாவில் மட்டும் எழுபதுக்கு மேல் கோயில்கள் உண்டு. 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் டோக்கியோவின் கிழக்குப் பகுதி சாம்பலானபோது, இங்கே பெரும்பகுதி தப்பியது. அதனால்தான் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளும், மரவீடுகளும், வாசலில் மீன் பெட்டியில் மண் போட்டு வளர்த்த செடிகளும் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் ஆட்கள் வாழ்கிறார்கள். மாலை நடைக்கான எல்லா யோசனையும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

எந்தப் பேட்டை?

முதல் முறை போகிறவர்களுக்கு நான் யானெசென்னைத்தான் சொல்வேன். நரித்தா விமான நிலையத்திலிருந்து வரும் கேசெய் ஸ்கைலைனர் ரயில் நிப்போரியில் நிற்கிறது, யாமனோத்தே வட்டப்பாதை ரயிலும் நிற்கிறது. வழி தவறினாலும் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு நிலையம் தட்டுப்படும்.

வேறு இடங்களும் உண்டு. ககுராசாக்கா கல் பாவிய சந்துகளும் கறுப்பு மரவேலிகளும் கொண்ட பழைய கெய்ஷா பேட்டை; கெய்ஷா என்றால் விருந்துகளில் ஆடிப் பாடும் கலைஞர்கள். சாப்பாட்டுக்கு விலை கூடுதல். கிதாசென்ஜு பழைய நிக்கோ சாலையின் முதல் சத்திரத்து ஊர். இப்போது நிலையத்தை ஒட்டிய குடிக்கடைச் சந்துக்குப் பேர் போனது. மொன்சென் நகாச்சோவில் தோமியோக்கா ஹாச்சிமான் கோயில் இருக்கிறது. அரசு அனுமதியோடு காசு வசூலித்து நடந்த சுமோ போட்டிகள் 1684இல் தொடங்கியது அங்கேதான்.

ஒரு மாலைக்கு ஒரு பேட்டை போதும். 'மூன்று மணி நேரத்தில் ஐந்து ரகசிய இடங்கள்' என்று விற்கும் நடையில் பாதி நேரம் ரயிலில் போய்விடும்.

மாதமும் மணியும்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஜப்பானில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. டோக்கியோவில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4:28க்கே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் 7 மணி ஆகும். ஆனால் யானகா கின்சா கடைத்தெருவில் பெரும்பாலான கடைகள் ஆறு, ஏழு மணிக்குள் கதவை இறக்கிவிடுகின்றன. ஜூனில் போனால் அந்தி சாயும் நேரத்தில் கடைகளும் சாத்தியிருக்கும்.

அந்தியும் திறந்த கடையும் சேர்ந்து கிடைப்பது இரண்டு பருவங்களில். மார்ச் கடைசியும் ஏப்ரலும் ஒன்று. சூரியன் ஆறு மணியை ஒட்டி மறையும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை இன்னொன்று. ஐந்து மணியிலிருந்து நான்கரைக்கு இறங்கிக்கொண்டே வரும். என் விருப்பம் நவம்பர். காற்று உலர்ந்திருக்கும், கோயில்களில் கிங்கோ மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கடைகளில் பல்பு எரியத் தொடங்கும்போது வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்.

ஜூன் தொடங்கிச் சில நாட்களில் மழைக்காலம் வந்துவிடும், ஜூலை நடுப்பகுதி வரை நீளும். ஆகஸ்டில் புழுக்கம், கல்லறைத் தோட்டத்தில் கொசு. ஆனாலும் ஆகஸ்டில் போக ஒரு நல்ல காரணம் இருக்கிறது. சென்ஷோஅன் என்ற கோயிலில் அந்த மாதம் பேய் ஓவியங்களைக் காட்சிக்கு வைப்பார்கள். 1900இல் இறந்த சான்யுதெய் என்ச்சோ என்ற பெரிய கதைசொல்லி சேர்த்து வைத்திருந்த சுருள் ஓவியங்கள் அவை. அவர் கல்லறையும் அங்கேதான். காட்சி பகலில் மட்டும் என்பதால் அதைப் பார்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

கிழமையையும் பாருங்கள். திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. சனி ஞாயிறு கூட்டம். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் எடுத்தால் நல்லது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

ஜப்பானில் வழிகாட்டிகளுக்கு அரசு உரிமத் தேர்வு உண்டு. தேறியவரை 'ஸென்கொகு ட்சூயாகு அன்னைஷி' என்பார்கள். முன்பு காசு வாங்கிக்கொண்டு வேற்று மொழியில் வழிகாட்ட அந்த உரிமம் கட்டாயம். 2018 ஜனவரியில் சட்டம் மாறியது. இப்போது உரிமம் இல்லாதவரும் நடத்தலாம். ஆகவே உரிமம் உள்ளவர் என்றால் வரலாறும் மொழியும் தேர்வில் சோதிக்கப்பட்டவர் என்று நம்பலாம். உரிமம் இல்லாதவர் எல்லாம் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். அதே தெருவில் இருபது வருடம் வாழ்ந்தவருக்கு எந்தத் தேர்விலும் இல்லாத சங்கதிகள் தெரியும்.

அந்தத் தேர்வு பத்து வேற்று மொழிகளில் நடக்கிறது. இந்திய மொழி எதுவும் அதில் இல்லை. நமக்குக் கிடைப்பது ஆங்கில நடைதான். கூட வரும் அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் பழக்கம் இல்லையென்றால், கூட்டு நடையில் சேராமல் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். 'ஒவ்வொரு இடத்திலும் சொல்லி முடித்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், நான் வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லிவிடுகிறேன்' என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் சந்தோஷமாக நிறுத்துவார்கள்.

பணம் வாங்காத தன்னார்வ வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். உவேனோ, அசாகுசா பக்கம் அவர்களின் நடைகள் பேர் பெற்றவை. ஆனால் அவை பகல் நேரத்தவை. இந்த மாலை நடைக்குப் பணம் கொடுத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

முதல் தடவை நான் போன நடையில் பதினெட்டுப் பேர். வழிகாட்டி கையில் கொடி, சட்டையில் ஒலிபெருக்கி. ஒரு சந்துக்குள் எல்லோரும் நுழைந்ததும், அவர் அந்த வீடுகளைக் காட்டி உரக்க விளக்க ஆரம்பித்தார். எங்களுக்கு இரண்டடி தள்ளி ஒரு சமையலறை ஜன்னல். உள்ளே வயதான அம்மா ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், ஈரக் கையாலேயே ஜன்னலை மெதுவாக இழுத்துச் சாத்தினார். பிறகு வழிகாட்டி என்ன சொன்னார் என்று எனக்குக் காதில் விழவில்லை. அந்த ஜன்னல் சாத்தப்பட்ட சத்தம்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் நான் முதலில் கேட்பது ஆள் கணக்கு. ஆறு பேருக்கு மேல் போகும் நடையை இந்தப் பேட்டைக்கு எடுக்காதீர்கள். இரண்டாவது கேள்வி: ஒலிபெருக்கி உண்டா? உண்டு என்றால் வேண்டாம். மூன்றாவது: கட்டணத்தில் என்னென்ன அடங்கும்? சில நடைகளில் தின்பண்டமும் இரண்டு கடைகளில் குடியும் சேர்த்து வாங்குவார்கள், சிலவற்றில் நடை மட்டும். நான்காவது: மழை பெய்தால் என்ன செய்வார்கள்? சாதாரண மழைக்கு நல்ல வழிகாட்டிகள் நடையை நிறுத்த மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 'யோமிசெ தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவரோடு போங்கள். பதிலை நானும் கீழே சொல்கிறேன்.

மின்னஞ்சலில் பேசும்போது டோக்கியோ நேரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மூன்றரை மணி நேரம் முன்னால் என்பதை மனதில் வையுங்கள். நம் ஊரில் இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் அங்கே பதினொன்றரை.

சாப்பாட்டை முன்பே பேசிவிடுங்கள்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். ஜப்பானியச் சமையலின் அடிநீர் 'தாஷி'. பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் ஊறவைத்து எடுப்பார்கள். காய் மட்டும் தெரியும் கூட்டிலும், சோபா நூடுல்ஸுக்குக் கொடுக்கும் சாற்றிலும், இனிப்பான தோஃபுப் பையில் சோறு அடைத்த இனாரி சுஷியிலும் அது இருக்கும். 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. மீன்சாறு அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே 'நான் சைவம்' என்று எழுதி நிறுத்தாதீர்கள். இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் கூடாது, முட்டை பால் சரியா இல்லையா என்று பிரித்து எழுதுங்கள். ஒரு வாரம் முன்பே அனுப்பினால் வழிகாட்டி கடையை மாற்றியமைப்பார். அன்று மாலை கடை வாசலில் நின்று சொன்னால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பசி.

மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. யானகா கின்சாவில் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கும் வட்டமான பொரித்த பண்டம் மென்ச்சி காட்சு. கொத்துக்கறியில் செய்வது. பார்க்க நம் கட்லெட் போல இருக்கும், யோசிக்காமல் கை நீளும்.

பயமில்லாமல் சாப்பிட உப்புப் போட்டு அவித்த எதமாமே சோயாக் காய், சுட்ட குடைமிளகாய், உப்பு செம்பெய் அரிசி வில்லை எல்லாம் கிடைக்கும். குளிர்ந்த தோஃபு கேட்டால் மேலே மீன் சீவல் தூவி வரும். 'கட்சுவோபுஷி நாஷி' என்று சொன்னால் தூவாமல் தருவார்கள்.

பையில் என்ன

காசுதான் முதலில். இந்தப் பக்கத்துச் சிறு கடைகள் பலவற்றில் அட்டை செல்லாது. ஆயிரம் யென் தாள்களாகவும் நூறு யென் காசுகளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு சுய்க்கா அல்லது பாஸ்மோ அட்டை. ஒரு சின்னத் துண்டு, குப்பைக்கு ஒரு பிளாஸ்டிக் பை; தெருவில் குப்பைத் தொட்டி கிடைக்காது. லேசாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு அல்லது ஷூ, ஓட்டையில்லாத காலுறை. சில கடைகளில் பாய் விரித்த தரையில் ஏறி உட்கார வேண்டியிருக்கும்.

கழிப்பறைக்கு நிப்போரி நிலையத்திலேயே போய்விட்டு வாருங்கள்.

நடை

மேற்கு வாசலில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சந்தியுங்கள். பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். ஜப்பானில் நான்கு மணி என்றால் நான்கு மணிதான்.

கொத்தென்சாக்கா என்ற மேட்டுச் சாலையில் ஏறினால் கியோஓஜி கோயில் வரும். அதன் மரக்கதவில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். 1868இல் உவேனோவில் நடந்த சண்டையில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகள் அவை. ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளரின் கடைசி ஆதரவாளர்கள் இந்தப் பக்கம் ஓடிவந்து ஒளிந்தார்கள். அந்தக் கடைசி ஷோகன், தொக்குகாவா யோஷினொபு, பக்கத்திலேயே யானகா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வெளிச்சம் மிச்சமிருந்தால் வழிகாட்டி அங்கே அழைத்துப் போவார். இருட்டிய பிறகு போக வேண்டாம்; அங்கே மக்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்க வருகிறார்கள். தோட்டத்தின் நடுவே ஓரிடத்தில் அடித்தளக் கற்கள் மட்டும் தெரியும். ஐந்து நிலைக் கோபுரம் ஒன்று நின்ற இடம், 1957இல் தீயில் போனது.

கொஞ்சம் உள்ளே நடந்தால் கன்னோன்ஜி கோயிலின் மண்சுவர். ஓடும் மண்ணும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டி மேலே ஓட்டுக் கூரை போட்டது, 37 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அந்தி வெயில் அதன்மேல் சாய்வாக விழும்போது ஒவ்வொரு ஓட்டின் விளிம்பும் தனியாகத் தெரியும். தொடாமல் பாருங்கள். அதற்கும் அப்பால் மூன்று சந்துகள் சேரும் முனையில் ஒரு பிரம்மாண்டமான மரம், வீட்டுக் கூரைகளின் மேல் குடை விரித்து நிற்கும். இமயமலைத் தேவதாரு. தொட்டிச் செடியாக இருந்தது வளர்ந்து இவ்வளவு ஆனது என்பார்கள். நம் ஊர்ப் பக்கத்து மலையிலிருந்து வந்த மரத்தைப் பார்க்க மட்டுமே நான் இரண்டு முறை போயிருக்கிறேன்.

எல்லா வழிகாட்டிகளும் இந்தச் சுற்றைச் செய்ய மாட்டார்கள். நேரம் குறைவென்றால் கியோஓஜியிலிருந்து நேரே படிக்கட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் படிக்கட்டுக்கு யூயாகே டன்டன் என்று பெயர். அந்திச் சிவப்புப் படி என்று சொல்லலாம். 36 படிகள். மேலே நின்றால் முகம் மேற்கே, கீழே யானகா கின்சா. சூரியன் மறையும் பத்து நிமிடத்துக்கு இங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். படியின் ஓரமாக நில்லுங்கள். கறிகாய்ப் பையோடு ஏறி வரும் ஆட்களுக்கு அது தினசரி வழி. மாலையில் எங்கோ கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய பாட்டு இசை கேட்டால் திகைக்க வேண்டாம். பேரிடர் எச்சரிக்கை ஒலிபெருக்கிகள் வேலை செய்கின்றனவா என்று தினமும் சோதிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதுவே வீட்டுக்குத் திரும்பும் மணி.

முட்டி வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இந்தப் படியைத் தவிர்க்கலாம். செந்தாகி மெட்ரோ நிலையப் பக்கமிருந்து வந்தால் கடைத்தெருவுக்குச் சமதரையிலேயே நுழையலாம். முன்பே சொன்னால் வழிகாட்டி அங்கிருந்து தொடங்குவார்.

யானகா கின்சா 170 மீட்டர் நீளம், சுமார் அறுபது கடைகள். பூனைக்குப் பேர் போன பேட்டை. கூரைகளிலும் பலகைகளிலும் ஏழு மரப்பூனைகள் ஒளிந்திருக்கின்றன, பிள்ளைகளைத் தேடவிடுங்கள். எதையாவது வாங்கினால் அந்தக் கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் தாளையும் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். கடைக்காரரைப் படம் எடுக்கும் முன் 'ஷஷின், ஈ தெஸ் கா?' என்று கேளுங்கள். கையைக் குறுக்கே வைத்துக் காட்டினால் கூடாது என்று பொருள்.

கடைத்தெரு முடியும் இடத்தில் குறுக்கே ஓடுவது யோமிசெ தெரு. அடியில் இருப்பது ஐசோமே ஆறு. ஐசோமே என்றால் அவுரி நீலச் சாயம் தோய்ப்பது. சாயக்காரர்கள் துணி அலசியதால் வந்த பெயர் என்பார்கள். உவேனோவின் ஷினோபாசு குளத்தில் போய் விழுந்த இந்தச் சிற்றாறு அடிக்கடி வெள்ளம் வந்து வீடுகளை நனைத்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அதை மூடி மேலே தெரு போட்டார்கள். அந்தத் தெருவில் இரவுக் கடைகள் வந்தன; 'யோமிசெ' என்றாலே இரவுக் கடைதான்.

இங்கிருந்து தெற்கே திரும்பினால் நடை முழுவதும் ஆற்றின் மேல்தான். கொஞ்ச தூரத்தில் தெரு சுருங்கி வளையத் தொடங்கும். ஹெபி மிச்சி, பாம்புப் பாதை. ஆறு எப்படியெல்லாம் வளைந்ததோ அப்படியே வளைகிறது. இன்றும் தைத்தோ, புன்க்யோ என்ற இரண்டு வட்டங்களின் எல்லை இந்த வளைவுகளில்தான் ஓடுகிறது. இடது பக்க வீடு ஒரு வட்டம், வலது பக்க வீடு இன்னொரு வட்டம்.

இரண்டாவது தடவை நான் போனபோது நாங்கள் நான்கு பேர். முந்தின நாள் மழை. வழிகாட்டி, அந்தப் பகுதியிலேயே வளர்ந்த ஓர் ஐயா, பாம்புப் பாதையின் ஒரு வளைவில் நின்று உதட்டில் விரல் வைத்தார். பிறகு தரையில் இருந்த இரும்பு மூடியைக் காட்டினார். குனிந்தோம். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீன் சுடும் வாசனை, எங்கோ தொலைக்காட்சிச் செய்தி, காலுக்கடியில் ஆறு. இரண்டு நிமிடம் அப்படியே இருந்தோம். பேச்சைக் குறைத்துக்கொண்டால் அந்தத் தெரு தானாகவே பேசுகிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பாம்புப் பாதையில் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக, குரலைத் தாழ்த்தி நடங்கள். ஜன்னலுக்குள்ளும் துணிக்கொடிப் பக்கமும் கேமராவைத் திருப்பாதீர்கள். சைக்கிள் மணி கேட்டால் சுவரோரம் ஒதுங்குங்கள். எதிரே வருபவர் தலையசைத்தால் நீங்களும் அசையுங்கள். அந்தச் செடித் தொட்டிகளைத் தாண்டி ஓர் அங்குலம்கூட உள்ளே கால் வைக்காதீர்கள். திண்ணை இல்லாத வீட்டுக்கு அந்தத் தொட்டி வரிசைதான் திண்ணை.

பாதை முடிந்து நெசு வந்துவிடும். 1706இல் கட்டிய நெசு ஷின்தோ கோயில் அருகில்தான், ஆனால் மாலையில் வாசல் சாத்திவிடுவார்கள். அதன் சிவப்பு வளைவு வரிசையைப் பார்க்க விரும்பினால் பகலில் தனியாக வாருங்கள், ஏப்ரலில் அசேலியாப் பூக்கும்போது வந்தால் இன்னும் நல்லது.

குடிக்கடையில்

நடை பெரும்பாலும் ஓர் இசக்காயாவில் நிற்கும். எட்டுப் பத்துப் பேர் உட்கார இடமிருக்கும், ஒரே ஆள் சமைத்துப் பரிமாறுவார். சில வழிகாட்டிகள் யானகாவிலேயே ஹட்சுனே கோஜி என்ற கூரையிட்ட குட்டிச் சந்துக்கு அழைத்துப் போவார்கள். போருக்குப் பிறகு எழுந்த சின்னச் சின்ன மதுக்கடைகள் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது வரும். அதற்கு 'ஒத்தோஷி' என்று பெயர். இருக்கைக்கான கட்டணம் போல, தலைக்கு 300 முதல் 500 யென் வரை கணக்கில் சேரும். ஏமாற்று என்று நினைத்துத் தகராறு செய்யாதீர்கள், எல்லோருக்கும் உண்டு. மது குடிக்காதவர் 'ஊரோன் சா' கேட்டால் குளிர்ந்த தேநீர் வரும், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு ஒன்றாவது வாங்குங்கள். சட்டப்படி மது இருபது வயது நிரம்பியவர்களுக்குத்தான். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. மேசையில் காசை விட்டுப்போனால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். வழிகாட்டிக்கும் அப்படித்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கோ மிட்டாயோ ஒரு பொட்டலம் கொடுங்கள்.

சின்ன இடம் என்பதால் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவது மரியாதை. கிளம்பும்போது 'கொச்சிசோசமா' என்று சொல்லிவிட்டுப் போங்கள், சாப்பாட்டுக்கு நன்றி.

குளித்துவிட்டுப் போகலாம்

நடை இங்கே முடிந்துவிடும். விருப்பமுள்ளவர்கள் அருகில் திறந்திருக்கும் சென்தோவைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். பேட்டைக்காரர்கள் குளிக்கும் பொதுக் குளியலறை அது. வருடந்தோறும் சில மூடிக்கொண்டே வருகின்றன. யானகாவில் ஒரு பழைய சென்தோ 1993இல் ஓவியக்கூடமாக மாறியது. ஓட்டுக் கூரையும் புகைபோக்கியும் அப்படியே நிற்கின்றன.

டோக்கியோ முழுவதும் சென்தோவுக்கு ஒரே கட்டணம். 2024 ஆகஸ்டில் பெரியவர்களுக்கு 550 யென் ஆனது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல். எது எது என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஷூவை வாசல் பெட்டியில் பூட்டி, உள்ளே முழு உடையையும் கழற்ற வேண்டும். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை முழுவதும் போன பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட முடியைத் தூக்கிக் கட்டுங்கள். தண்ணீர் 42 டிகிரி அளவில் சுடும், காலை மட்டும் முதலில் விடுங்கள். மது அதிகம் குடித்திருந்தால் இறங்கவே வேண்டாம்.

உடை மாற்றும் அறையில் பெரும்பாலும் ஒரு குளிர்பெட்டி இருக்கும். காபி கலந்த பால் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, முடியை உலர்த்திக்கொண்டு கிளம்புங்கள். நெசு நிலையத்தில் சியோதா தடத்து ரயில் ஓடுகிறது. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், பத்து மணிக்கெல்லாம் நடைமேடையில் இருந்தால் நிம்மதியாக உட்கார்ந்தே போகலாம்.